செத்துருச்சா, சார்?

இன்று காலை முதல் ஆள் அவர்தான். மடியில் மஞ்சப்பை, அதற்குள் பழைய ஃபிலிம்கள். வெறும் வயிறு. ஊசி குத்தி வைத்த கையை மறு கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லீரலில் கட்டி. ஐந்து தடவை கரண்ட் வைத்து முடித்து ஆறு மாதம். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல மறந்துவிட்டார்.

“கட்டி செத்துருச்சா, சார்?”

“இன்னும் படமே எடுக்கலையேய்யா.”

கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. கரண்ட் பட்டால் பட்ட இடத்தில் சாவு. கதிர் அப்படிக் கொல்வதில்லை.

*

சிடி அறை மைக்கில் டெக்னீஷியனின் குரல்: “மூச்ச நல்லா இழுங்கய்யா… அப்படியே புடிங்க…”

கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். அடிவயிற்றில் சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால் பெரியவர்கள் வெட்கப்பட்டு எழப் பார்ப்பார்கள், படம் கலைந்துவிடும்.

கல்லீரலுக்கு இரண்டு வாய்க்கால். ஏறத்தாழ முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதி தமனி வழியாக. இந்தக் கட்டி மட்டும் பெரும்பாலும் தமனியில் வாய் வைத்துக் குடிக்கும். அதனால் 35 வினாடி வாக்கில், கல்லீரல் இன்னும் சாம்பல் நிறத்தில் கிடக்கையில், கட்டி தனியாக வெளுத்து நிற்கும். ஒரு நிமிடம் கடந்து கல்லீரல் வெளுக்கும். மூன்றாவது நிமிடத்தில் பார்த்தால் கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருக்கும். சிரோசிஸ் வந்த கல்லீரலில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால், சதை எடுத்துப் பார்க்காமலேயே புற்று என்று எழுதிவிடலாம். அத்தனை நம்பிக்கையான அடையாளம்.

அந்த அடையாளமே பிறகு என்னை ஏமாற்றியது.

*

புற்றுக்கட்டி சிகிச்சைக்கு மசிந்ததா என்பதற்கு 2000-த்தில் வந்த விதி விட்டத்தை அளக்கச் சொன்னது. கல்லீரலுக்கு அது சரிப்படவில்லை. செத்த கட்டியும் சுருங்காமல் கிடக்கும். 2010-இல் லென்சியோனி, யோவெட் என்ற இரண்டு மருத்துவர்கள் விதியைத் திருத்தினார்கள்: தமனிக் கட்டத்தில் வெளுக்கிற பகுதியை மட்டும் அள. ஊசி செருகிச் சூட்டில் பொசுக்கிய கட்டிக்கும், தமனியை அடைத்துப் பட்டினி போட்ட கட்டிக்கும் அது கச்சிதம். அடுத்த மாதமே கட்டி விளக்கணைந்த வீடு மாதிரி இருக்கும்.

கதிர் பட்ட கட்டி அப்படி இல்லை. கதிர் உடைப்பது டிஎன்ஏவை. உடைந்த பிறகும் செல் பிழைத்துக் கிடக்கும். உண்ணும், ரத்தம் வாங்கும். பிளக்கப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் சாகும். பிரசவத்தில் போகிற சாவு. ரத்தக்குழாய்களும் மெதுவாகத்தான் தூர்ந்துபோகும். எனவே மூன்றாம் மாதமும் வெளுப்பு, ஆறாம் மாதமும் வெளுப்பு. சிலருக்கு ஒரு வருடம் வரைகூட.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது ஒரு நாள், கையில் தெரிந்தது வேறொரு நாள். பல வருடம் முன்பு, வேறொரு ஊரில். கரண்ட் வைத்து மூன்றே மாதமான ஒருவருக்கு ‘நோய் எஞ்சியிருக்கிறது’ என்று ரிப்போர்ட் எழுதினேன். டாக்டரைப் பார்க்கும் முன்பே அவருடைய மகன் அதைப் படித்துவிட்டான். மனிதர் சாப்பாட்டைக் குறைத்து, படுக்கையோடு படுக்கையானார். ஒன்பதாம் மாதப் படத்தில் அந்த வெளுப்பு இல்லை. என் வரி மட்டும் ஃபைலில் இருந்தது.

*

சுற்றியிருக்கும் நல்ல கல்லீரலும் குழப்பும். கதிர் கடந்துபோன இடமெல்லாம் சில மாதங்களில் தானும் வெளுக்கத் தொடங்கும். கட்டி பெருத்துவிட்டதோ என்று முதல் பார்வையில் வயிற்றைக் கலக்கும். ஓரத்தைப் பார்க்க வேண்டும். நோய் உருண்டையாக வளரும். கதிரால் வெளுத்த பட்டையின் ஓரமோ எந்தக் குழாயையும் மதிக்காமல் வெட்டிக்கொண்டு போகும். கதிர் சிகிச்சைப் பிளானில் ஃபிசிசிஸ்ட் வரைந்த கோடுகளைப் பின்பற்றும்.

எம்ஆர்ஐயில் இது இன்னும் துல்லியம். கல்லீரல் செல்லுக்குள்ளேயே போகிற ஒரு கான்ட்ராஸ்ட் உண்டு. ஏற்றிவிட்டு 20 நிமிடம் காத்திருந்தால் நல்ல கல்லீரல் முழுக்க வெளுத்திருக்கும். கதிர் சுட்ட பகுதி மட்டும் மருந்தை வாங்காமல் கறுத்து நிற்கும், அதுவும் டோஸ் விழுந்த வடிவத்திலேயே. பிளான் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வெயிலில் கைக்கடிகாரம் கட்டியிருந்த கையில் விழும் தடம் போல இருந்தது.

அந்த 20 நிமிடம் எனக்குப் பிடிக்கும். யாரும் எதுவும் கேட்க முடியாத நேரம்.

*

2024-இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி கல்லீரல் கட்டிகளுக்கான தன் லை-ராட்ஸ் வகைப்பாட்டில் கதிர் சிகிச்சைக்கென்று தனிப் பாதை போட்டது. அதில் உயிருள்ளது, உயிரற்றது இரண்டோடும் சேராத ஒரு பெயர்: ‘முன்னேறாதது’. வெளுப்பு இருக்கிறது, ஆனால் கூடவில்லை, அவ்வளவுதான். பெயர் மொண்ணையாக இருக்கிறதென்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நேர்மையான சொல்லாகப் பட்டது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுகிற அவசரம் அதில் இல்லை. அந்த மகன் இந்தச் சொல்லைப் படித்திருந்தால் என்று ஒரு முறை நினைத்தேன்.

*

மதியம் அவருடைய படங்களைத் திறந்தேன். வெளுப்பு இருக்கிறது, சற்று மங்கலாக. ரத்தத்தில் இந்தப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பி இறங்கியிருக்கிறது. வெளுத்த பகுதி மூன்று மாதத்துக்கு முன் 31 மில்லிமீட்டர்.

கர்சரை வைத்து இழுத்தேன். 28. ஓரம் கொஞ்சம் மங்கல், மறுபடி இழுத்தேன். 30. மறுபடி, 28. இரண்டு மில்லிமீட்டர் என் விரலில் இருக்கிறது.

28 என்று அடித்தேன். அழித்துவிட்டு 29 என்று அடித்தேன்.