நெருங்கிய பிறகே வெளிச்சம்

கடலுக்குள் இறங்க இறங்க முதலில் மறைவது சிவப்பு. ஐந்து மீட்டரிலேயே மங்கிவிடும். பிறகு ஆரஞ்சு, அதன்பின் மஞ்சள். அந்தமானில் ஹேவ்லாக் பக்கம் இருபது மீட்டர் ஆழத்தில் கடல் விசிறி என்னும் சிவப்புப் பவளத்தின் முன்னால் மிதந்தால், கண்ணுக்குத் தெரிவது சாம்பலும் கருநீலமும்தான். கேமராவோடு இணைந்த ஸ்ட்ரோப் விளக்கு மின்னும் கணத்தில் கிளைக்குக் கிளை குங்குமச் சிவப்பு. கிளைகளில் மலர்ந்திருக்கும் பாலிப்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சிறு கரங்கள். விளக்கு எந்த நிறத்தையும் பூசவில்லை. சிவப்பு அங்கேயேதான் இருந்தது. அதைக் காட்டும் ஒளியைத்தான் வழியிலேயே தண்ணீர் விழுங்கிவிட்டது.

*

ஸ்ட்ரோப்பின் ஒளியையும் தண்ணீர் விட்டுவைப்பதில்லை. விளக்கிலிருந்து பவளத்துக்கு ஒரு மீட்டர், பவளத்திலிருந்து லென்ஸுக்கு ஒரு மீட்டர். போக வர இரண்டு மீட்டர் தண்ணீரை அது கடந்தாக வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய விளக்கானாலும் தூரத்தை ஈடுகட்டாது. அகன்ற கோண லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டே போவதுதான் வழி.

*

1926-இல் ஃபுளோரிடாவின் டிரை டோர்டுகாஸ் தீவுகள் அருகே வில்லியம் லாங்லியும் சார்லஸ் மார்ட்டினும் கடலடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். வெளிச்சத்துக்கு, நீர்மேல் மிதந்த ஒரு தெப்பத்தில் மக்னீசியப் பொடியை வெடிக்கவைத்தார்கள். அந்த ஒளி மேலிருந்து இறங்கி வரவேண்டியிருந்தது. ஆழம் குறைந்த நீரைத் தாண்டி அது எட்டவில்லை. பின்னாளில் ஹரால்டு எட்ஜெர்டன் தன் மின்னணு ஃபிளாஷைக் கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவோடு ஆழத்துக்கே அனுப்பினார். விளக்குக்கும் படமெடுக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம் குறைந்ததில்தான் இந்தக் கலை வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

*

எவ்வளவு தெளிந்த கடலிலும் மணல் துகளும் மிதவை உயிரிகளும் இருக்கும். விளக்கு லென்ஸை ஒட்டியிருந்தால் அத்தனையும் வெண்புள்ளிகளாகப் படத்தை மூடிவிடும். இரண்டு ஸ்ட்ரோப்களையும் பக்கவாட்டில் விலக்கி, லென்ஸுக்குச் சற்றுப் பின்தள்ளி, அவற்றின் முகத்தை லேசாக வெளிப்புறம் திருப்ப வேண்டும். ஒளியின் ஓரம் மட்டும் பவளத்தில் படும். லென்ஸுக்கு முன்னுள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும். எதன்மேல் ஒளி விழ வேண்டும் என்பதோடு, எதன்மேல் ஒளி விழக்கூடாது என்பதையும் யோசிக்கவைக்கும் வேலை இது.

*

பின்னணியில் விரியும் நீலம் சூரியனுடையது. அதைக் கூட்டவும் குறைக்கவும் ஷட்டர் வேகம். முன்னால் இருக்கும் பவளத்துக்கு அபெர்ச்சரும் ஸ்ட்ரோப்பின் அளவும். ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள். ஒன்று மற்றொன்றை அமுக்காதபோது கடல் கடலாகவே தெரிகிறது.

*

நெருங்குவது உடம்பால் செய்யும் காரியம். மூச்சை இழுத்தால் உடல் எழும், விட்டால் தாழும். அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கத் தெரியாதவரின் கால் துடுப்பு, பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்த கடல் விசிறியை ஒரே உதையில் ஒடித்துவிடும். கிளறிய மணல் அடுத்து வருபவரின் படத்தையும் கெடுக்கும். ஆகவே, கேமரா இல்லாமல் அசையாது மிதக்கப் பழகியவர் கையில்தான் ஸ்ட்ரோப் சேரவேண்டும். பவளத்துக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை அது. நல்ல படம் அதற்குப் பிறகுதான்.