யார் போட்ட சோறு?

1977 ஏப்ரல் 5ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குள் சுமார் 150 பேர் நுழைந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள் என்று பலர். 1973இல் வந்த ஒரு சட்டத்தின் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் பணத்தை வாங்கும் எந்த அமைப்பும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிகளில் நான்கு வருஷமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. தேர்தல் நேரத்தில் போடுகிறோம் என்று சொல்லி ஜெயித்த ஜிம்மி கார்ட்டரின் அரசும் இழுத்தடித்தது. அதனால் போராட்டக்காரர்கள் அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்றைக்கே வாஷிங்டனிலும் இதே துறையின் தலைமையகத்தில் உட்கார்ந்தார்கள். அங்கே அதிகாரிகள் சாப்பாட்டை உள்ளே விடவில்லை. ஒரு நாளுக்குச் சற்று மேலே தாங்கினார்கள், அவ்வளவுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் டெலிபோன் இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாக சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். அந்த முற்றுகை மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தது. ஏப்ரல் 28ஆம் தேதி துறைச் செயலர் ஜோசப் கலிஃபானோ கையெழுத்துப் போட்டார்.

இரண்டு ஊருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு காரணம் ரொம்ப எளிமையானது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தது. பக்கத்து ஓக்லண்டிலிருந்து பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் என்ற பாந்தரும் ஒருவர். நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர் அவர். அவருக்கு உதவியாளராகக் கூடவே இருந்த சக் ஜாக்சனும் பாந்தர்தான்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு நம்மூர்க் கர்ணன்தான் நினைவுக்கு வந்தான். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் தமிழில் இவ்வளவு கனமாக இருப்பதற்கு அவன் கதைதான் காரணம். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நமக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். அப்படியானால் சோறு போட்ட யாருக்கும் ஒரு கடன் உண்டா? பாந்தர்கள் போட்ட சோற்றுக்கும், பிற்காலத்தில் பெரிய அறக்கட்டளைகளும் கட்சிகளும் இந்த இயக்கங்களுக்குக் கொடுத்த பணத்துக்கும் என்ன வித்தியாசம்?

துரியோதனனை வெறும் வில்லனாக்கிவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. கர்ணனின் பிறப்பைச் சொல்லி மற்றவர்கள் கேலி செய்த சபையில் அங்க நாட்டைக் கொடுத்தது அவன்தான். அந்தக் கொடை பொய்யில்லை. அதனால்தான் அதிலிருந்து வெளியே வர கர்ணனால் முடியவில்லை. விலைக்கு வாங்கப்பட்டவனுக்குக் குற்ற உணர்ச்சியாவது இருக்கும். மரியாதை கொடுக்கப்பட்டவனுக்கு நன்றிதான் இருக்கும். நன்றியை மீறுவது ரொம்பக் கஷ்டம்.

2016இல் ஃபோர்டு அறக்கட்டளையின் தலைவர் டேரன் வாக்கர் வெளிப்படையாக ஒன்றை ஒப்புக்கொண்டார். ஏற்றத்தாழ்வை ஒழிப்பதே எங்கள் நோக்கம் என்று அறிவித்த திட்டத்தில் ஊனமுற்றவர்களை மறந்துவிட்டோம் என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பணம் வர ஆரம்பித்தது. 1977 முற்றுகையின் முன்னணியில் நின்ற ஜூடி ஹியூமனே சில வருஷம் அங்கே ஆய்வாளராக இருந்தார். அதற்கு முன்பே கிளிண்டன், ஒபாமா அரசுகளில் பதவியில் இருந்தவர் அவர். இதையெல்லாம் 'விலை போய்ட்டாங்க' என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அலுவலகத்தை முற்றுகையிட்டவர் அதே மாதிரி அலுவலகத்தில் உட்கார்ந்து விதி எழுதுவதும் இயக்கத்தின் வெற்றிதான்.

ஆனால் அதே ஃபோர்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2004இல் இன்சைட் என்ற கறுப்பின, பழங்குடி, குடியேறிய பெண்களின் அமைப்புக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு பின்வாங்கியது. பாலஸ்தீன விடுதலையை ஆதரித்து அந்த அமைப்பு வெளியிட்டிருந்த அறிக்கைதான் காரணம். அவர்கள் சிறு தொகைகளாகத் திரட்டி வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 2007இல் ஒரு கட்டுரைத் தொகுப்பே வந்தது. 'புரட்சிக்கு நிதி வராது' என்பது அதன் தலைப்பின் பொருள்.

பணம் யாருடைய வாயையும் நேரடியாக மூட வேண்டிய அவசியமே இல்லை. வேலை நடக்கும் விதத்தை மாற்றினால் போதும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குத்தான் நிதி வரும். அதற்கு இலக்கு எழுத வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். 'எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்' என்பதை எண்ணிவிடலாம். 'எத்தனை பேர் கைதானீர்கள்' என்பதை எந்த அறிக்கையில் எழுதுவது? மெதுவாக அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் அமைப்பின் முகமாகிறார்கள். பேச்சு திக்குபவரும், படிப்பு முடிக்காதவரும், பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியே வர முடியாதவரும் புகைப்படத்தில் மட்டும் இருக்கிறார்கள்.

கோரிக்கையும் சுருங்கிவிடும். அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்கும் ஒருவர் 2,000 டாலருக்கு மேல் சேமிக்கக் கூடாது. 1989இலிருந்து இதே தொகைதான். இருவர் கல்யாணம் செய்துகொண்டால் சேர்த்து 3,000. காதலிக்கிற இரண்டு பேர் உதவித்தொகை போய்விடும் என்று பயந்து பதிவு செய்யாமல் வாழ்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் பராமரிப்பு இல்லத்துக்குக் கட்டாயம் பணம் உண்டு. சொந்த வீட்டில் இருந்தபடி உதவி பெறுவது பெரும்பாலும் மாநிலங்களின் விருப்பம். அதற்காக லட்சக்கணக்கானோர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். 'எங்களை வீட்டில் வாழ விடுங்கள்' என்ற கோரிக்கைக்குச் செலவு அதிகம். விழிப்புணர்வு மாதத்துக்குச் செலவு குறைவு. எதற்கு நிதி சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கட்சிகள் நடந்துகொள்வதும் இப்படித்தான். 2017 ஜூனில் குடியரசுக் கட்சி மெடிக்கெய்டை வெட்டப் பார்த்தபோது, அடாப்ட் அமைப்பினர் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் அலுவலகத்துக்கு வெளியே தரையில் படுத்தார்கள். 43 பேர் கைதானார்கள். போலீசார் அவர்களைத் தூக்கிக்கொண்டு போன காட்சி நாடெங்கும் பரவியது. ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் அவர்களைக் கொண்டாடினார்கள். அதே அடாப்ட் 2009 ஏப்ரலில் வெள்ளை மாளிகை வேலியில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு கைதானது. வீட்டிலேயே உதவி பெறும் உரிமைக்கான மசோதாவை ஒபாமா அரசு தன் மருத்துவச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை என்பதற்காக. அந்தக் கைதுகளை அந்த ஆதரவாளர்களில் எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எதிரியை அடிக்கும்போது நீ வீரன். என்னை அடித்தால், 'இப்ப இதுக்கு நேரமில்ல'.

சரி, அப்ப பணமே வேண்டாம்னு சொல்லிட்டா? இங்கேதான் எனக்குச் சிக்கல் வருகிறது. சுத்தமாக இருக்க வசதி வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பழுது பார்க்கக் காசில்லாதவரிடம் போய் 'கறை படிந்த பணத்தைத் தொடாதே' என்று மாதச் சம்பளம் வாங்கும் நான் சொல்வது அசிங்கம். அதோடு, 504ஆம் பிரிவே எதன் மேல் நிற்கிறது? பணம் கொடுப்பவன் நிபந்தனை போடலாம் என்ற விதியின் மேல்தான். பணத்தோடு கயிறும் வரும் என்று இந்த இயக்கத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் அது முதலில் ஜெயித்தது.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. 2005 வாக்கில் கலிஃபோர்னியாவில் வெள்ளையரல்லாத, பால்புதுமை ஊனமுற்றவர்கள் சிலர் டிஸெபிலிட்டி ஜஸ்டிஸ் என்ற பெயரில் ஒரு சிந்தனையை உருவாக்கினார்கள். சின்ஸ் இன்வேலிட் என்ற கலைக்குழு அதைப் பத்துக் கோட்பாடுகளாக எழுதியது. முதலாளித்துவ எதிர்ப்பு அதில் ஒன்று, ஒருவரை ஒருவர் சார்ந்திருத்தல் இன்னொன்று. யாரையும் சாராமல் வாழ்பவர் என்று எவருமே இல்லை, சார்ந்திருப்பது அவமானமில்லை என்று சொல்லும் இயக்கம், பணத்தில் மட்டும் யாரையும் சாராதே என்று எப்படிச் சொல்லும்?

இதற்கான பதில் பெர்க்லியில் 1972லேயே இருந்தது என்று நினைக்கிறேன். போலியோவால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் அசைவில்லாத எட் ராபர்ட்ஸ், இரவில் இரும்பு நுரையீரலுக்குள் தூங்கியவர், நண்பர்களோடு சேர்ந்து சுதந்திர வாழ்வு மையத்தை வளர்த்தெடுத்தார். சட்டையைத் தானே போட்டுக்கொள்வதை அவர்கள் சுதந்திரம் என்று சொல்லவில்லை. சட்டையைப் போட்டுவிடும் உதவியாளரை நீயே தேர்ந்தெடுத்து, வேலை சொல்லி, சரியில்லை என்றால் நீக்க முடிவதுதான் சுதந்திரம். உதவி எவ்வளவு என்பது முக்கியமில்லை. அது யார் கட்டுப்பாட்டில் என்பதே கேள்வி.

இதே அளவுகோலைப் பணத்துக்கும் வைக்கலாம். பணம் கொடுப்பவரை நம்மால் வேலையிலிருந்து நீக்க முடியுமா? மென்பொருள் எழுதும்போது நாங்கள் கேட்கும் கேள்வியும் இதுதான்: இந்த ஒன்று நாளைக்குக் காணாமல் போனால் மொத்தமும் விழுந்துவிடுமா? நூறு பேர் பத்துப் பத்தாகக் கொடுக்கும் அமைப்பில் ஒருவர் கோபித்துக்கொண்டு போகலாம். செலவில் எண்பது சதவீதத்தை ஒருவரே கொடுத்தால், அவர் கோபப்படக்கூடிய வாக்கியத்தை யாரும் எழுதவே மாட்டார்கள். யாரும் தடை போட வேண்டியதில்லை. எழுதுபவரின் கையே நின்றுவிடும்.

பாந்தர்களின் சோறும் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் அதைக் கொண்டுவந்தவர்களின் ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கலிஃபானோ தோற்றால் அவர்களுக்கும் வெற்றி. கோரிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்ல அவர்களுக்குக் காரணமே இல்லை. அந்தச் சோற்றைத் தின்றவர்களுக்கும் கடன் உண்டு. ஆனால் கூட நின்று போராடுவதுதான் அந்தக் கடன். பேசாமல் இருப்பது இல்லை.

போருக்கு முன்னால் கண்ணன் வந்து உன் பிறப்பு இது, இந்தப் பக்கம் வந்துவிடு என்று கூப்பிட்டபோது, கர்ணனுக்கு எது தர்மம் என்று தெரிந்தே இருந்தது. அவனிடம் இல்லாதது வேறொரு இலை. சாப்பிட உட்காரும்போதே இன்னொரு இலைக்கும் வழி பண்ணி வைக்காதவர்களுக்கு, எழுந்திருக்க வேண்டிய நேரம் வரும்போது நியாயம் தெரிந்திருந்தும் கால் எழாது.