விடை தெரிந்த கேள்வி

வழி தெரியாதவர் வழி கேட்கிறார். விலை அறியாதவர் விலை கேட்கிறார். விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பதைப் பெரியவர்களிடம் நாம் செய்வதில்லை; செய்தால் அவர்கள் பொறுப்பதுமில்லை. குழந்தைகளிடம் மட்டும் தயக்கமின்றிச் செய்கிறோம். இளஞ்சிறார் கணிதம் கற்கும் வகையை ஆராய்பவருக்கோ அதுவே அன்றாடத் தொழில். அத்தொழிலில் அறம் சார்ந்த இடர் ஒன்று உண்டெனக் கருதுகிறோம்.

இத்துறையின் முன்னோடியான சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896-1980), 1920-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் சிறாரின் அறிவுத்திறனை அளக்கும் தேர்வுகளைச் செம்மைப்படுத்தும் பணியில் இருந்தார். அப்பணியில் கணக்கிடப்படுவன சரியான விடைகளே. அவர் மனமோ தவறான விடைகளில் ஈடுபட்டது. ஒரே வயதினர் ஒரே வகையாகத் தவறுகிறார்கள் எனில், அத்தவறுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டுமன்றோ? பிழையென்று தள்ளப்பட்ட சொல்லுக்குச் செவிசாய்த்த அந்தப் பணிவு போற்றத்தக்கது.

அலினா செமின்ஸ்காவுடன் சேர்ந்து, குழந்தையின் எண்ணறிவு பற்றி அவர் 1941-இல் நூல் வெளியிட்டார். அதன் வழிவந்த சோதனை ஒன்று பெரிதும் அறியப்பட்டது. இரு வரிசைகளில் வில்லைகள் நேருக்கு நேராக அடுக்கப்படுகின்றன. "இரண்டும் சமமா?" எனக் கேட்டால், "சமம்" என்கிறது ஐந்து வயதுக் குழந்தை. ஆய்வாளர் அதன் கண்முன்னே ஒரு வரிசையை அகலப் பரப்பிவிட்டு, அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். "நீளமானதில்தான் அதிகம்" என்கிறது குழந்தை. இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்னும் அறிவு அதற்கு இன்னும் வாய்க்கவில்லை என்று முடிவு கட்டப்பட்டது.

இம்முடிவை 1974-இல் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் மறு ஆய்வு செய்தனர். ஆய்வாளர் வில்லைகளைத் தொடவில்லை; குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிட்டது. பிறகு கேட்டபோது, நான்கு முதல் ஆறு வயதுள்ள அக்குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேர் "சமம்" என்றனர். ஆய்வாளரே கலைத்தபோது அவ்வாறு சொன்னவர்கள் மிகச் சிலரே. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு மறுபடியும் கேட்கிறார் என்றால், ஏதோ மாறியிருக்கத்தான் வேண்டும் என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. நம் மறைக்கல்வி வகுப்புகளிலும் இதைக் காணலாம்: சரியாக விடை சொன்ன சிறுமியிடம் அதே கேள்வியை இரண்டாம் முறை கேளுங்கள், விடையை மாற்றிக்கொள்வாள். குழந்தை வில்லைகளைப் பார்ப்பதை விட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. நம்மீது அது வைத்த நம்பிக்கையையே நாம் அறியாமை எனப் பதிவு செய்துவிடுகிறோம்.

அப்படியாயின் கரடியைக் கொண்டுவந்துவிட்டால் போதுமா? அதுவும் அத்தனை எளிதன்று. 1986-இல் வந்த மற்றோர் ஆய்வில், கரடி உண்மையாகவே எண்ணிக்கையை மாற்றியபோதுகூட அதைக் கவனியாமல் விட்ட குழந்தைகள் இருந்தனர். அவர்கள் கண் கரடியின் குறும்பிலேயே இருந்தது. கண்டிப்பால் மறைவது போலவே, கனிவாலும் குழந்தையின் மனம் நமக்கு மறைந்துபோகலாம்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு என ஓதியது தமக்குச் சிறுவயதில் வெறுப்பூட்டும் பாட்டாக இருந்ததென, தம் வாழ்வைக் கடவுள்முன் விரித்துரைத்த நூலில் புனித அகுஸ்தீனார் நினைவுகூர்கிறார். அவரே பின்னாளில், தம் மகனோடு உரையாடும் வடிவில், ஆசிரியரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதரின் சொற்கள் உண்மையை நோக்கித் தூண்டலாமேயன்றி, உள்ளிருந்து கற்பிப்பவர் கிறிஸ்துவே என்பது அதில் அவர் கொண்ட முடிபு. பியாஜே இதை ஏற்றிருப்பாரா என்பது வேறு கேள்வி. ஆனால் ஐந்து என்பது பரப்பினாலும் ஐந்தே எனக் குழந்தை தானாகக் கண்டுகொள்ளும் அந்த இடம் ஆய்வாளரின் உடைமையன்று என்பதை, அகுஸ்தீனாரைப் பின்பற்றும் நாம் மறுக்க இயலாது. அவ்விடத்தில் அவர் விருந்தினர்.

ஆய்வுக்குப் பெற்றோர் இசைவு தந்து கையொப்பமிடுகிறார்கள். குழந்தையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்னும் நெறி இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை "போதும்" என்று சொல்லாது. வாயிலை நோக்கும், வில்லைகளைத் தன்போக்கில் அடுக்கத் தொடங்கும், நம்மை மகிழ்விக்க எதையாவது சொல்லும். தாளில் இன்னும் மூன்று கேள்விகள் எஞ்சியிருக்கும். அந்நேரத்தில் குறிப்பேட்டை மூடிவிட்டு வில்லைகளை அதன் கையிலேயே விட்டுவிடுபவருக்கு, அன்றைய தாள் ஆய்வுக்கு உதவாமற் போகும்.