அப்பாவின் வருடங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து என் நண்பர்கள் போடும் வெளிநாட்டுப் படிப்பு பட்ஜெட்டில் எல்லாம் இருக்கும்: கட்டணம், வாடகை, பிரிட்டிஷ் விசாவுக்காக 28 நாள் வங்கியில் கிடக்க வேண்டிய பணம். ரிங்கிட் சரிவுக்கும் ஒரு கட்டம் உண்டு. 1997 தொடக்கத்தில் ஒரு டாலர் 2.50 ரிங்கிட் அளவில் இருந்தது. 1998 செப்டம்பரில் 3.80-இல் நிறுத்திவைத்தார்கள். பற்றாக்குறைக்கு? 'அப்பாவோட இபிஎஃப் இருக்குல்ல.'

பிள்ளையின் உயர்கல்விக்கு அதில் ஒரு பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் நாம் வரவில் எழுதும் அந்தத் தொகை, கிள்ளானில் ஒருவர் ஓய்வு வயதுக்குப் பிறகும் லாரி ஓட்டப்போகும் வருடங்கள். 'அவரே சம்மதிச்சாருடா' என்கிறோம். மறுக்கத் தெரியாதவரிடம் வாங்குவது சம்மதமா?

போக வேண்டாம் என்றில்லை. செலவுப் பக்கத்தில், வாடகைக்குக் கீழே, அப்பாவுக்கு மாதாமாதம் திருப்பித் தரும் தொகையையும் எழுதுவோம். படிப்பின் முழு விலை அப்போதுதான் தெரியும்.