யார் கொடுப்பாங்க, ஃபாதர்?



போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போட்டேன். "இன்னைக்கே 100 ரூபாய் வேணுமா, வர்ற பொங்கலுக்கு 200 ரூபாய் வேணுமா?" பையன்கள் ஒரே குரலில், "இன்னைக்கே!" கடைசி வரிசையில் ஒரு சிறுமி மட்டும், "பொங்கலுக்கு யார் கொடுப்பாங்க, ஃபாதர்?" என்றாள்.

மனநல ஆய்வாளர்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான். நாளைய பெரியதை விட்டு இன்றைய சிறியதைப் பிடித்துக்கொள்ளும் மனசை இப்படித்தான் அளக்கிறார்கள். சிகரெட், சாராயம், ஹெராயின் பழக்கம் உள்ளவர்களிடம் அந்த அவசரம் தெளிவாகவே தெரிகிறது. கஞ்சாவில் அந்த அளவுக்கு அழுத்தமாக இல்லை. கஞ்சா அவசரத்தைக் கொடுக்கிறதா, அவசரக்காரர்கள்தான் கஞ்சாவுக்குப் போகிறார்களா என்பதும் தீராத வழக்கு. பீடத்தில் நின்று கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தொடக்கநூல் 25ஆம் அதிகாரத்து ஏசாவைப் பாருங்கள். காட்டில் அலைந்து களைத்து வருகிறான். அடுப்பில் பயற்றங்கூழ் மணக்கிறது. தம்பி யாக்கோபு விலை சொல்கிறான்: தலைமகனுரிமை. ஏசா அதைக் கொடுத்துவிட்டு, தின்று குடித்து, எழுந்து போய்விடுகிறான். சாப்பாட்டு ராமன் என்று நாம் சிரிக்கிறோம். அவன் சொன்ன காரணத்தைக் கவனித்தோமா? சாகப்போகிறவனுக்கு உரிமை எதற்கு என்கிறான். பசி மட்டுமா பேசுகிறது? தனக்கு நாளை என்று ஒன்று உண்டு என்பதையே நம்பாதவன் பேச்சு அது.

நமக்குக் காத்திருக்கத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அழுதோம். பிறகு குழி தோண்டிக் கன்று வைத்தோம். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்று தெரிந்தேதான் வைத்தோம். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? தாத்தா வைத்த மரத்தில் நாம் தேங்காய் பறித்திருக்கிறோம். மரம் ஏமாற்றாது என்று கண்ணால் கண்டவர்கள் நாம்.

ஆனால் கண்மாய்க் கரையில் கஞ்சாப் பொட்டலம் பிரிக்கும் பையன் என்ன கண்டான்? "பரீட்சை முடியட்டும், சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்றார் அப்பா. பரீட்சை முடிந்தது, காசு டாஸ்மாக்கில் முடிந்தது. அதே அப்பா குடித்துவிட்டு வந்து, கஞ்சா அடித்தாயா என்று மகனை அடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன விலை?

விற்பவனை விட்டுவிடச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் மீமிசல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் சுங்கத் துறையினர் 800 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடித்தார்கள். கடல் தாண்டி இலங்கைக்குப் போகவிருந்த சரக்கு. அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் இருப்பதை நாம்தானே பார்க்க வேண்டும்?

இந்த வாரம் பிள்ளைக்குச் சின்னதாக ஒரு வாக்குக் கொடுங்கள். சொன்ன நாளில் செய்யுங்கள். பழக்கத்தில் சிக்கிய பிள்ளை இருந்தால் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் போன் செய்யுங்கள். பூசை முடிந்து பங்கு இல்லத்துக்கும் வரலாம். போலீஸுக்குப் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

அந்தச் சிறுமிக்குப் பொங்கலன்று 200 ரூபாய் நான் கொடுக்கிறேன். உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன், மறந்தால் கேளுங்கள்.