கழுவாய் யாருக்காக?

செய்த பழியிலிருந்து மீளச் செய்யும் செயலுக்குத் தமிழில் கழுவாய் என்று பெயர். புறநானூற்றின் 34ஆம் பாடலிலேயே ஆலத்தூர் கிழார் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். கொடும் பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, நன்றி கொன்றவருக்கு மட்டும் உய்வில்லை என்பது அவர் தீர்ப்பு. எந்தக் குற்றத்துக்குக் கழுவாய் உண்டு என்பதோடு அந்தப் பாடல் நின்றுவிடுகிறது. அது நிறைவேறிவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இக்கேள்வி நேராகவே எழுந்தது. நிறவெறி ஆட்சியில் சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்தவர் ஏட்ரியான் விளோக். அவர் காலத்தில், 1989இல், போராட்டத் தலைவரான பாதிரியார் ஃபிராங்க் சிக்கானேயின் ஆடைகளில் நஞ்சு தடவிக் கொல்ல முயன்றது காவல்துறை. 2006இல் விளோக் அவரைத் தேடிச் சென்று, மன்னிப்புக் கேட்டு, அவருடைய கால்களைக் கழுவினார். சிக்கானே அதை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு விளோக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

பலர் நெகிழ்ந்தார்கள், வெறும் நாடகம் என்றவர்களும் உண்டு. ஒருவர் மனம் உண்மையிலேயே திருந்தியதா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. அதிகாரத்தில் இருந்தவர் குனிவது சிறிய செயலும் அல்ல. ஆனால் சிக்கானே மன்னித்தது தனக்கு இழைக்கப்பட்டதை மட்டுமே. அந்த ஆட்சியில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் சார்பில் அவரால் மன்னிக்க முடியாது. யார் ஆணையிட்டார்கள், என்ன நடந்தது என்ற உண்மைதான் அந்தத் தாய்க்கு முதலில் தேவை.

நிறவெறி ஆட்சிக் காலக் குற்றங்களை விசாரித்த, டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் உண்மையின் இந்தத் தேவையை உணர்ந்திருந்தது. அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவர்கள் முழு உண்மையையும் சொன்னால் பொதுமன்னிப்புப் பெற முடிந்தது. வருந்தியே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வருத்தத்தைச் சட்டத்தால் அளக்க முடியாது, உண்மையைச் சரிபார்க்க முடியும். அந்த ஏற்பாட்டிலும் குறை இருந்தது. குற்றவாளிக்கு விடுதலை உடனே கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களோ இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கழுவாய் தேடுவது தவறிழைத்தவரின் கடமை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. முன்னதைச் செய்துவிட்டதாலேயே பின்னதைக் கேட்டுப் பெற முடியாது. உண்மையைச் சொல்லி, இழப்பை இயன்றவரை ஈடுசெய்து, மன்னிப்பு கிடைக்காவிட்டாலும் அந்தக் கடமையைத் தொடர்பவரே கழுவாய் தேடியவர். மற்றவர்கள் தேடுவது தங்கள் மன நிம்மதியை மட்டுமே.