யார் காத்திருக்க முடியும்?

பச்சை வெனிலாக் காயில் மணம் இல்லை. கொடியிலிருந்து அப்போதே பறித்த காயைக் கசக்கி முகர்ந்தாலும் பச்சிலை வாடைக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் சிறுவயது முதல் நாம் அறிந்த அந்த நறுமணத்துக்குரிய பொருள் காய்க்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. வெந்நீரும் வெயிலும் இருட்டும் மாதக்கணக்கில் வேலை செய்த பிறகே அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. மடகாஸ்கர் தீவின் வடகிழக்குக் கரையில், மழைக்காடு கடலை வந்து தொடும் இடத்துக்கு அருகே, இந்த வேலையையே பிழைப்பாகக் கொண்ட ஒரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அதன் பெயர் அந்தலாஹா. அந்த ஊருக்குப் போவதைப் பற்றி நினைத்தால் நினைப்பு ஊரோடு நிற்பதில்லை. காத்திருத்தல் என்பது என்ன, அது யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

சம்பாவா நகரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போகும் சாலை அந்தலாஹாவோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மசோவாலா தீபகற்பம்: காடு, ஆறு, சேறு. ஆண்டில் மழை இல்லாத மாதம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது கடினம். ஆறு பெருகினால் வண்டி நிற்கும். வானம் இருண்டால் விமானம் தள்ளிப்போகும். நகரத்திலிருந்து வந்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புழுங்குவான். பக்கத்தில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர் அசையாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தீவு மக்கள் இயல்பிலேயே பொறுமைசாலிகள், அவசரம் என்பது நம் நோய் என்று பயணி அப்போது ஒரு முடிவுக்கு வருகிறான். ஊர் திரும்பியதும் அதையே எழுதுகிறான். அழகான முடிவுதான், ஆனால் தவறானது. பிறருடைய இல்லாமையைப் பண்பாக வியப்பது பயணிகளுக்கு எளிதாக வருகிற பழக்கம்.

வெனிலா அந்தத் தீவின் செடி அன்று. அது மெக்சிகோவின் கொடி. ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறந்த மண்ணில் வண்டினங்கள் அதற்கு மகரந்தம் சேர்க்கின்றன. இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குக் கொடி வந்தது, வண்டு வரவில்லை. கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அந்த முடிச்சை 1841இல் ரெயூனியன் தீவில் அவிழ்த்தவன் எட்மோன் என்ற 12 வயதுச் சிறுவன். ஒரு தோட்ட உரிமையாளரின் அடிமை. பூவுக்குள் ஆண் உறுப்பையும் பெண் உறுப்பையும் பிரித்து நிற்கும் மெல்லிய மடலை ஒரு குச்சியால் தூக்கிப் பெருவிரலால் அழுத்தினால் போதும் என்று அவன் கண்டுபிடித்தான். இன்றும் உலகெங்கும் வெனிலாத் தோட்டங்களில் கையால் நடக்கும் வேலை அவன் காட்டிய வழியில்தான் நடக்கிறது. அந்த வழியைப் பின்பற்றித்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெனிலா மடகாஸ்கரிலும் பயிராகி, அந்தலாஹா போன்ற ஊர்களை உண்டாக்கியது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது எட்மோனுக்கு விடுதலையும் அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. செல்வம் கிடைக்கவில்லை. 1880இல் வறுமையில் இறந்தான்.

அடிமையின் வாழ்க்கையில் காத்திருத்தல் என்பதே இல்லை. காக்கவைக்கப்படுதல் மட்டுமே உண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். இரண்டிலும் மனிதன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் ஒருவனுக்கு முன்னே அவனுக்கென்று ஒன்று விளைந்துகொண்டிருக்கிறது. மற்றவனுக்கு முன்னே ஒன்றுமில்லை, அல்லது விளைவது வேறொருவருடையது. மழையில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் மனிதர் எந்த வகை என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் அவருக்குப் பொறுமைசாலிப் பட்டம் கொடுத்துவிடுகிறோம்.

வெனிலாப் பூ ஒரே ஒரு நாள் காலையில் மலர்கிறது, பிற்பகலுக்குள் வாடிவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு கை அதைத் தொட்டாக வேண்டும். ஒரு கொடியின் பூக்கள் ஒன்றாக மலர்வதில்லை என்பதால் பருவம் முழுவதும் நாள்தோறும் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். இந்த அவசரத்துக்குப் பிறகு ஒன்பது மாதம் எந்த அவசரமும் உதவாது. காய் தன் காலத்தில் முற்றும். முற்றிய காயை வெந்நீரில் சில நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் புழுங்கவைத்து, தினமும் சிறிது நேரம் வெயிலில் பரப்பி, மறுபடி சுருட்டி, பிறகு நிழலில் உலர்த்தி, கடைசியில் மெழுகுத்தாள் விரித்த பெட்டிகளில் மாதக்கணக்கில் மூடிவைக்கிறார்கள். ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ கருத்த, எண்ணெய்ப் பளபளப்புள்ள காயாகச் சுருங்குகிறது. மணம் அப்போதுதான் உண்டாகிறது. செடி தன் பங்குக்குக் கொடுத்தது வாய்ப்பை மட்டுமே; மீதியைக் காலமும் கையும் சேர்ந்து செய்கின்றன.

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் இது பொறுமையைப் போற்றும் வழக்கமான கதையாகிவிடும். அந்தலாஹாவின் தோட்டங்களில் நடப்பது அப்படி முடிவதில்லை.

வெனிலாவின் விலை நிலையில்லாதது. 2000, 2004, 2017 ஆகிய ஆண்டுகளில் ஹூடா, கஃபிலோ, எனாவோ என்ற பெரும் புயல்கள் அந்தலாஹாவையொட்டியே கரை ஏறின. புயல் கொடியை முறித்தால் புதுக்கொடி பூக்க மூன்றாண்டு போல ஆகும். அதற்குள் உலகச் சந்தையில் விலை எகிறும். 2018 வாக்கில் கிலோ 600 டாலர் அளவுக்குப் போய், வெள்ளியைவிட விலை கூடிய பொருளாயிற்று. பின்பு சரிந்தது. 2000களின் தொடக்கத்திலும் இப்படி ஏறி இறங்கியதுதான். விலை ஏறிய காலங்களில் உழவனுக்குச் செல்வத்தோடு பயமும் வந்தது. இருட்டில் தோட்டத்துக்குள் புகுந்து காய்களை அறுத்துக்கொண்டு போகும் திருட்டு பெருகியது. உழவர்கள் தோட்டத்திலேயே படுத்துக் காவல் காத்தார்கள். தக்கையில் ஊசிகளைச் செருகி, பச்சைக் காய்மேல் தங்கள் அடையாளத்தைக் குத்திவைத்தார்கள். காய் முற்றினாலும் உலர்ந்தாலும் அந்தத் தழும்பு அழியாது, திருடனிடம் பிடிபட்டால் யாருடையது என்று காட்டும். பிடிபட்ட திருடர்களை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்ற நிகழ்வுகளும் உண்டு. நம் நாவில் இனிப்பின் சாயலாக வந்து போகும் ஒரு மணத்தின் பின்னால் இரத்தமும் இருக்கிறது என்பதை, சொல்ல மனமில்லாவிட்டாலும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு திருட்டு பகலிலேயே, சட்டத்துக்கு உட்பட்டது போன்ற முகத்தோடு நடக்கிறது. நெல் தீர்ந்து அடுத்த அறுவடை வராத மாதங்களில் உழவன் பூத்திருக்கும் கொடியைக் காட்டிக் கடன் வாங்குகிறான். காய் ஆகும் முன்பே அது வேறொருவருடையதாகிவிடுகிறது. விலையும் அன்றே, அவன் பசியின் அளவை வைத்து முடிவாகிவிடுகிறது. பயிர்மேல் முன்பணம் வாங்கிய எந்த ஊர் உழவனுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒன்பது மாதக் காத்திருப்பை அவன் உடல் செய்கிறது. அதன் பலனை, காத்திருக்கப் பணம் உள்ள ஒருவர் எடுத்துக்கொள்கிறார்.

ஆக, திருட்டுக்குப் பயந்தும் கடனுக்குப் பயந்தும் உழவன் முற்றாத காயைப் பறிக்கிறான். ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே பறித்த காயில் மணப்பொருள் குறைவு. வாங்குகிற வணிகனும் அதைப் பொறுமையாகப் பதப்படுத்தப் பயந்து, பச்சையாகவோ அரைகுறையாகவோ காற்று நீக்கிய பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து விலை ஏறும் நாளுக்காகப் பதுக்குகிறான். விலையுச்சக் காலங்களில் உலகச் சந்தைக்கு வந்த வெனிலா விலையில் உயர்ந்தும் மணத்தில் தாழ்ந்தும் இருந்ததன் காரணங்களில் இவை முக்கியமானவை. வாங்குபவர்களில் பலர் ஆலையில் செய்த வெனிலினுக்குத் திரும்பினார்கள். அந்த வேதிப்பொருள் 1874 முதலே இருக்கிறது. நாம் சாப்பிடும் வெனிலா பெரும்பாலும் அதுதான்.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. முற்றாத காயைப் பறித்தவனிடம் பொறுமை இல்லாமல் போனதா? அதே மனிதன்தான் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டு பருவம் முழுதும் நடந்தவன். கொடி நட்டு முதல் பூவுக்காக ஆண்டுகள் காத்தவன். குணத்தில் குறையில்லை. அவனைச் சுற்றியிருந்த உலகத்தில்தான் ஏதோ உடைந்தது. இன்றைக்கு விட்டுவைத்த காய் நாளைக்கும் தன்னுடையதாக இருக்கும் என்ற உறுதி உடைந்தபோது பொறுமை அறிவீனமாக மாறிவிட்டது. அண்டை வீட்டாரையோ, விலையையோ, காவலரையோ நம்ப முடியாத இடத்தில் காத்திருப்பவன் ஞானியாகத் தோன்றுவதில்லை, ஏமாளியாகத்தான் தோன்றுகிறான்.

ஊருக்குத் தெற்கே இருக்கும் காட்டிலும் இதே கதை, இன்னும் நீண்ட கால அளவில் நடந்தது. மசோவாலாவின் மழைக்காடு 1997இல் தேசியப் பூங்காவானது; செந்நிறக் கழுத்துமயிர் கொண்ட ஒரு லெமூர் இனம் இயற்கையாக வாழும் இடம் உலகில் அந்தத் தீபகற்பமும் அதையொட்டிய பகுதியும்தான். 2007இல் அது உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதியாயிற்று. 2009இல் மடகாஸ்கரில் ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் காட்டுக்குள் கோடரிகள் புகுந்தன. குறிவைத்தது நம் தோதகத்தியின் இனத்தைச் சேர்ந்த மரங்களை. பெரும்பகுதி சீனத்து அறைகலன் சந்தைக்குப் போயிற்று. அந்தக் கட்டை நீரில் மிதக்காத அளவுக்குக் கனமானது. ஆகவே ஒரு கட்டையை ஆற்றில் இறக்க, மிதக்கக்கூடிய வேறு மரங்கள் பலவற்றை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். 2010இல் யுனெஸ்கோ அந்தக் காடுகளை ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது, 2025இல்தான் நீக்கியது. தலைமுறைகளின் காலத்தைத் தன் வைரத்தில் சேர்த்துவைத்த மரத்தை வெட்டியவர்கள் பெரும்பாலும் நாட்கூலிக்கு வந்தவர்கள். மலைச்சரிவில் காட்டை எரித்து நெல் விதைக்கும் குடும்பமும் காட்டின் பகை அன்று. அதற்கு இந்த ஆண்டின் சோறு வேண்டும், காடோ நூறாண்டுக் கணக்கில் பேசுகிறது.

பொறுத்தலுக்கும் காத்திருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மரபு அறியாததன்று. வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில், இல்வாழ்வானின் பண்புகளுக்கு நடுவே வைத்தார். உரிய காலம் வரும்வரை காத்திருக்கும் அறிவைச் சொல்லும் காலமறிதலையோ பொருட்பாலில், அரசியலில் வைத்தார். தீங்கு செய்தவரைப் பொறுத்தல் ஒருவர் தன் மனத்தோடு நடத்தும் காரியம் என்றும், காலத்துக்காகக் காத்தல் படையும் பொருளும் இடமும் துணையும் உடையவனுக்குரிய காரியம் என்றும் அந்த வைப்புமுறையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டால் உரையாசிரியர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பிற்காலத்து நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். அரசுக்குரியதைத் தனிமனிதனின் குணமாக்கி, காத்திருக்க ஏதுமில்லாதவனைப் பார்த்துக் காத்திரு என்று உபதேசிக்கக் கற்றுக்கொண்டோம்.

பொறுமை ஒருவர் நெஞ்சில் தனியாக முளைக்கும் பயிர் அன்று. இரவில் தோட்டத்துக்குள் யாரும் வரமாட்டார்கள் என்ற உறுதியும், பசி மாதத்தில் கைகொடுக்க ஓர் இடமும், விளைந்ததற்கு நேர்மையான விலையும், நடும் மரத்தின் நிழல் தன் பேரனுக்கே கிடைக்கும் என்ற எண்ணமும் பலர் சேர்ந்து உண்டாக்கித் தரவேண்டியவை என்பதால், அவை இல்லாத ஊரில் மிக நல்லவர்களும் அவசரக்காரர்களாகிறார்கள், அவை உள்ள ஊரில் மிகச் சாதாரணமானவர்களும் ஒன்பது மாதம் அமைதியாகக் காத்து மணத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். காலம் என்பது இவ்வாறு, நிலத்தையும் நீரையும் போல, சமூகத்தில் சமமின்றிப் பங்கிடப்பட்ட ஒரு செல்வமாகவே இருக்கிறது.

அந்தலாஹாப் பகுதியில் ஆண்டுதோறும் வெனிலா அறுவடை தொடங்கும் நாளை அதிகாரிகள் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அதற்கு முன் பறிக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குக் காவலர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது பெரிதன்று. பக்கத்துத் தோட்டத்துக்காரன் அந்த நாளை மதிப்பான் என்று ஒவ்வொருவரும் நம்புகிறாரா என்பதே பெரிது. ஒருவன் முந்தினால் அடுத்தவன் முந்துவான். பிறகு நாள் தாளில் மட்டும் இருக்கும். வாங்குகிறவர்களும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படும் பயணி ஒரு கட்டு வெனிலாவைக் கையிலெடுத்து, முகர்ந்து, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறார். எந்த மாதத்தில் பறித்தது என்றோ, பூவாக இருந்தபோது அதன்மேல் எவ்வளவு கடன் இருந்தது என்றோ அவர் கேட்பதில்லை.